லேக் வியூ ரோடுன்னு பேரு இருக்கு, லேக் எங்க? நம்ம தெருப் பேரெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?

சாரலின்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு மாசம் முன்னாடிதான் மேற்கு மாம்பலத்துக்குக் குடி வந்தோம், வீடு லேக் வியூ ரோட்டுலேருந்து ரெண்டு தெரு தள்ளி. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ், இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருக்கு, அதனால ரோட்டுல தெரியுற போர்டு ஒண்ணு விடாம சத்தமா படிச்சிட்டே வருவா. போன வாரம் ஸ்கூல் விட்டு வரும்போது லேக் வியூ ரோடுன்னு படிச்சிட்டு அப்படியே நின்னுட்டா. "அம்மா லேக் எங்க? நாம பாக்கவே இல்லையே"ன்னு கேட்டா. நானும் சுத்திப் பாக்கறேன், மெடிக்கல் ஷாப் இருக்கு, அயர்ன் வண்டி இருக்கு, மூணு மாடி அபார்ட்மெண்ட் இருக்கு, தண்ணின்னா ஒரு லாரிதான் நிக்குது. பக்கத்து வீட்டு மாமிகிட்ட கேட்டதுக்கு அது அந்தக் காலத்துப் பேரும்மா, அப்படியே நின்னுடுச்சுன்னாங்க, அதுக்கு மேல அவங்களுக்கும் சொல்லத் தெரியல.

குழந்தைக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்லணும்னு இருக்கு, அதான் இங்க கேக்கறேன். நிஜமாவே இங்க ஏரி இருந்துச்சா? அப்புறம் இதோட சேர்த்து இன்னொண்ணு. எங்க ஏரியாவுலயே ஒண்ணு தெரு, ஒண்ணு சாலை, ஒண்ணு அவென்யூ, ஊர்ல எங்க அம்மா வீடு இருக்கறது சன்னதித் தெரு, அத்தை வீடு மாட வீதி. இதுக்கெல்லாம் ஏதாவது கணக்கு இருக்கா, இல்ல வச்சவங்க வாய்க்கு வந்ததா? உங்க ஊர் தெருப் பேருக்குப் பின்னாடி இருக்கற கதை தெரிஞ்சாலும் எழுதுங்க, பொண்ணுக்குப் படிச்சுக் காட்டுவேன்.

பழைய_மாம்பலம்:

இருந்துச்சும்மா. நீங்க இன்னைக்கு தி.நகர்னு துணி எடுக்கப் போறீங்களே, அந்த இடம்தான் ஏரி.

லாங் டேங்க்னு இங்கிலீஷ்காரங்க சொல்லுவாங்க, நுங்கம்பாக்கம் பக்கத்துலேருந்து கெளம்பி மாம்பலம் வழியா சைதாப்பேட்டை வரைக்கும் நீட்டமா வளைஞ்சு கெடந்த ஏரி. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கால முழுக்க தண்ணி, அதுக்கு அந்தாண்ட இருந்த கிராமம் மாம்பலம். அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா ஏரி தெரியும், அதான் லேக் வியூ. 1920-கள்ல ஊருக்கு வீடு பத்தலன்னு ஏரிய வடிச்சு மனை போட்டாங்க, அப்படி வந்ததுதான் தியாகராய நகர். ஏரி போயிடுச்சு, அதைப் பாத்துக்கிட்டு நின்ன ரோட்டுக்குப் பேரு மட்டும் மிஞ்சிடுச்சு. உங்க பொண்ணு நின்ன எடத்துல நின்னு கிழக்க பாத்தா அன்னைக்கு தண்ணிதான் தெரிஞ்சிருக்கும்னு அவகிட்ட சொல்லுங்க.

இது ஒண்ணு மட்டும் இல்ல. நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடுன்னு ஒண்ணு இருக்கு, பண்டுன்னா ஏரிக்கரை. அதுக்குப் பக்கத்துலயே லேக் ஏரியான்னு ஒரு குடியிருப்பு, உள்ள வரிசையா குறுக்குத் தெருங்க. 1976-ல திறந்த வள்ளுவர் கோட்டமே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த தரையிலதான் நிக்குது. முகப்பேர்ல ஏரித் திட்டம்னே மனைப் பிரிவுக்குப் பேரு, பத்திரத்துலயே அப்படித்தான் எழுதுறாங்க. நான் வீடு வாங்குற புள்ளைங்ககிட்ட எப்பவும் சொல்றது இதான், மார்பிள் தரை, மாடுலர் கிச்சன் எல்லாம் அப்புறம் பாருங்க, மொதல்ல தெருப் பேரையும் பக்கத்துத் தெருப் பேரையும் படிங்க. ஏரிக்கரைத் தெரு, குளக்கரைத் தெரு, மடுவங்கரை, ஓடைத் தெரு இப்படி வந்துச்சுன்னா மழைக்காலத்துல ஒரு தரம் நேர்ல போய் நின்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. பேரு வச்சவங்க கண்ணால பாத்ததைத்தான் வச்சாங்க.

தி.நகர் பேருங்களையும் சொல்லிடறேன், ஏன்னா அது மாதிரி ஒரே மூச்சுல பேரு வச்ச இடம் சென்னையில கம்மி. அந்த சமயத்துல ஆட்சியில இருந்தது நீதிக்கட்சி. 1916-ல அந்தக் கட்சிய ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவங்க மூணு பேரு, பிட்டி தியாகராயர், டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேசனார். இப்ப மேப்பை எடுத்துப் பாருங்க, நகருக்கே தியாகராயர் பேரு, டாக்டர் நாயர் ரோடு அங்கதான், நடேசன் பூங்காவும் அங்கதான். நடுவுல இருக்கற பனகல் பூங்கா, 1921-லேருந்து 1926 வரைக்கும் சென்னை மாகாண முதல்வரா இருந்த பனகல் அரசர் பேருல. உஸ்மான் ரோடு, 1934-ல கொஞ்ச நாள் தற்காலிக கவர்னரா இருந்த முகமது உஸ்மான் பேருல, அவரும் அதே கட்சிதான். தீபாவளிக்கு லட்சம் பேரு அந்த ரோட்டுல நடக்கறாங்க, ஒரு கட்சியோட சரித்திரத்து மேலயே நடந்து போறாங்க. எனக்கு இது எப்பவும் ஆச்சரியம்தான்.

நாலாவது_குறுக்கு:

தெரு, சாலை, அவென்யூ பத்திக் கேட்டிருக்கீங்க. நான் சர்வே சம்பந்தமான வேலையில இருபது வருஷம் இருந்தேன், இந்த வார்த்தைங்க மேல எனக்கு ஒரு பைத்தியமே உண்டு.

தெருங்கறது சுத்தமான நம்ம வார்த்தை, மலையாளத்துலயும் தெருவுன்னுதான் சொல்றாங்க. ரெண்டு பக்கமும் வீடு இருக்கணும், ஆளு வாழணும், அப்பதான் அது தெரு. மதுரைக்காஞ்சியில தெருவைச் சொல்லும்போது ஆறு கெடந்த மாதிரி அகலமா நீளமா கெடக்குற தெருன்னு வரும். ரெண்டாயிரம் வருஷம் பழைய வார்த்தையை நாம இன்னைக்கும் அட்ரஸ்ல எழுதுறோம். வீதி சமஸ்கிருதத்துலேருந்து வந்தது, அதனாலயோ என்னவோ கோயில், தேர், சாமி புறப்பாடுன்னு வர்ற இடத்துலதான் நம்ம பக்கம் வீதி ஜாஸ்தி. சன்னதித் தெருன்னா சாமிக்கு நேரெதிரா ஓடுற தெரு, மாட வீதின்னா கோயில சுத்தி நாலு பக்கமும் போற வீதி, மாடம்னா மாடி வச்ச பெரிய வீடு. உங்க அம்மா வீட்டு வாசல்ல நின்னா கோபுரம் நேரா தெரியும்னு நினைக்கறேன்.

சாலைதான் ரொம்ப சுவாரசியமான கேசு. சாலைன்னா மொதல்ல கூடம், மண்டபம், ஒரு வேலை நடக்குற பெரிய கட்டடம். பாடசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை, உணவுச்சாலை எல்லாம் அந்த சாலைதான். ரோடுங்கற அர்த்தம் கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. அதனால பாரிமுனை பக்கம் தங்கசாலைத் தெருன்னு போர்டு பாத்தா சாலையும் போட்டு தெருவும் போட்டிருக்கானேன்னு நினைக்காதீங்க, அது தங்கம் போட்ட ரோடு இல்ல, தங்கசாலைன்னா நாணயம் அடிக்கிற எடம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களோட நாணயச்சாலை 1840-கள்ல அந்தத் தெருவுக்கு வந்துச்சு, அதான் இங்கிலீஷ்ல மிண்ட் ஸ்ட்ரீட். நாணயம் அடிக்கறத நிறுத்தி நூத்தி அம்பது வருஷம் ஆச்சு, பஸ்ல இன்னமும் "மிண்டு மிண்டு"ன்னுதான் ஏத்துறாங்க.

இங்கிலீஷ் பேருங்களுக்கும் இப்படித்தான். ஸ்ட்ரீட் லத்தீன்லேருந்து வந்தது, கல்லு பாவின வழின்னு அர்த்தம். ரோடு, குதிரை மேல ரைடு போறாங்களே அந்த ரைடோட கூடப் பொறந்தது. அவென்யூ பிரெஞ்சு, வந்து சேர்றதுன்னு அர்த்தம், பெரிய மாளிகைக்கு ரெண்டு பக்கமும் மரம் வச்சு வந்து சேர்ற பாதை. நியூயார்க்ல 1811-ல மன்ஹாட்டனுக்குத் திட்டம் போட்டப்ப நெடுக்குல போறதுக்கு அவென்யூன்னும் குறுக்குல போறதுக்கு ஸ்ட்ரீட்டுன்னும் நம்பர் குடுத்தாங்க. நம்ம அண்ணா நகர், அசோக் நகர் மாதிரி மொத்தமா பிளான் போட்டு உருவாக்குன எடத்துலயும் அதே மாதிரி நம்பர் போட்ட அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத் தெருன்னு வச்சாங்க. அதுக்கு அப்புறம் வந்த மனைக்காரங்க பத்து வீடு இருக்கற சந்துக்கும் அவென்யூன்னு போட்டுட்டாங்க, அதனாலதான் உங்களுக்குக் கணக்கு புரியல.

எனக்கு நம்பர் தெருங்க மேல ஒரு வருத்தம் உண்டு. நான் இருக்கறதே நாலாவது குறுக்குத் தெருதான். தேடிக் கண்டுபிடிக்க சுலபம், மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கும். ஆனா அம்பது வருஷம் கழிச்சு ஒரு குழந்தை போர்டைப் படிச்சிட்டு கேக்கறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காது.

வெளிவீதிக்காரன்:

அக்கா வணக்கம், மதுரையிலருந்து. தெருப் பேருன்னதும் கை பரபரங்குது, எங்க ஊர்ல காலண்டரே தெருவாத்தான் இருக்கு.

மீனாச்சி கோயில நடுவுல வச்சுக்கங்க. மதிலுக்கு உள்ளுக்குள்ள சுத்துறது ஆடி வீதி, வெளிய வந்தா சித்திரை வீதி, அதச் சுத்தி ஆவணி மூல வீதி, அதுக்கு அங்கிட்டு மாசி வீதி. ஒவ்வொண்ணுக்கும் கீழ, மேல, தெக்கு, வடக்குன்னு நாலு. அந்தந்த மாசத் திருவிழாவுக்கு சாமி அந்தந்த வீதியில வரும், அதான் பேரு. ஆனா வெளியூர்க்காரங்க குழம்புறது எங்கன்னா, சித்திரைத் திருவிழாத் தேரு சித்திரை வீதியில வராது, மாசி வீதியிலதான் வரும். ஏன்னா கல்யாணமும் தேரும் முன்ன மாசியிலதான் நடந்துச்சு, திருமலை நாயக்கர்தான் அதச் சித்திரைக்கு மாத்தினாரு. மாசம் மாறிப் போச்சு, அம்மாம்பெரிய தேரு ஓடணும்னா அகலமான வீதி வேணும்ல, அதனால தேரு பழைய வீதியிலயே ஓடுது. பேரு நாயக்கருக்கு முன்னாடி நடந்ததச் சொல்லிக்கிட்டு அப்படியே இருக்கு. எங்க தாத்தா சின்னப் புள்ளையில என்னத் தோள்ல வச்சுக்கிட்டு மேல மாசி வீதி முக்குல நின்னு இதச் சொன்னாரு, வடத்தைப் புடிச்சு இழுக்குற சத்தத்துல பாதிதான் காதுல விழுந்துச்சு.

அப்புறம் நாங்க இருக்கற வெளி வீதி. இங்கனதான் ஊருக் கோட்டையும் அகழியும் இருந்துச்சு. 1840-கள்ல பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர், கோட்டைய இடிச்சு அகழிய மூடி ஊர விரிச்சாரு. எங்க ஊர் விளக்குத்தூணு அவரு ஞாபகத்துக்கு வச்சதுதான். அந்த வேலையில இருந்த சர்வேயர் மாரட் பேருல ஒரு வீதி, மேஸ்திரி பெருமாள் பேருல ஒரு வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு இன்னைக்கும் இருக்கு. ஒரு மேஸ்திரிக்கு ஊருக்கு மத்தியில வீதி இருக்குன்னா எங்களுக்குப் பெருமதான்க்கா. கலெக்டருக்குத் தூணு, மேஸ்திரிக்கு வீதி.

உங்க ஏரி மாதிரி எங்களுக்கும் ஒண்ணு இருக்கு. புதுமண்டபத்துக்குப் பக்கத்துல எழுகடல் தெரு. மீனாச்சியோட அம்மா காஞ்சனமாலை கடல்ல நீராடணும்னு ஆசப்பட்டப்ப சாமி ஏழு கடலையும் அங்கன வரவச்சாருன்னு திருவிளையாடல் கதை, அதுக்கு ஒரு தெப்பக்குளமும் இருந்துச்சு. இப்பக் குளத்துக்கு மேல கடைக் கட்டடம் நிக்குது. பத்துத்தூண் சந்துக்குப் போனா நாயக்கர் மகால்ல மிச்சமான பத்துத் தூணு நெசமாவே நிக்குது, அது ஒண்ணுலதான் பேரும் பொருளும் ரெண்டும் மிஞ்சிருக்கு, புள்ளைய மதுரைக்குக் கூட்டிட்டு வந்தா மொதல்ல அங்கன கூட்டிப் போங்க.

கல்வெட்டுப்பித்து:

தஞ்சாவூர் பத்தி யாரும் சொல்லலியேன்னு வந்தேன். பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர் தெருப் பேருங்க நிறைய வருது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. ஆனைக்கடுவார் தெரு, வில்லிகள் தெரு, சாலியத் தெரு, மடைப்பள்ளித் தெரு. ஆனை பாத்துக்கறவங்க, வில் வீரருங்க, துணி நெய்யறவங்க, அரண்மனைச் சமையல். கூடவே நித்தவினோதப் பெருந்தெரு, மும்முடிசோழப் பெருந்தெருன்னும் வருது, ரெண்டும் ராஜராஜனோட பட்டப் பேரு. ஆள்றவங்க பேரை மெயின் ரோட்டுக்கு வைக்கறது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சது இல்ல.

எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் வேற. கோயில்ல ஆட வந்த நானூறு பெண்களுக்கு ராஜராஜன் வீடு குடுத்திருக்கான், ஒவ்வொருத்தர் பேரும், எந்த ஊர் கோயில்லேருந்து வந்தாங்கன்னும், எந்த வீடுன்னும் கல்லுல வெட்டியிருக்கு. எப்படி எழுதியிருக்குன்னா, தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, இரண்டாம் வீடு. தளிச்சேரின்னா கோயில் ஆளுங்க குடியிருந்த பகுதி, சிறகுன்னா தெருவோட ஒரு பக்க வரிசை! தெருவை ஒரு பறவையா நினைச்சு ரெண்டு பக்க வீட்டு வரிசையையும் ரெண்டு சிறகுன்னு சொல்லியிருக்காங்க. நாம இன்னைக்கு பழைய நம்பர் புது நம்பர்னு ரெண்டு எண்ணு எழுதியும் கூரியர் பையன் போன் பண்றான், அவங்க கல்லுல எழுதுனதை வச்சு அந்தப் பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் போயிடலாம். சிறகுங்கற வார்த்தையை நாம ஏன் விட்டோம்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்.

தஞ்சாவூர்ல இன்னைக்கும் கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம்னு தெரு இருக்கு. அலங்கம்னா கோட்டை மதில். பஸ் ஸ்டாண்டுலேருந்து ஆட்டோவுல ஏறி கீழ அலங்கம்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு மதில்னு சொல்றோம்னே தெரியாது.

தெக்காலத்_தெரு:

மேல எழுதினதெல்லாம் ஆசையா படிச்சேன். ஆனா தெருப் பேரு எல்லாருக்கும் இப்படி இனிப்பா இருக்கறதில்ல, அதையும் ஒருத்தர் சொல்லணும்னு எழுதறேன்.

கல்வெட்டு பத்தி எழுதுனவர் தளிச்சேரின்னு சொன்னாரே, அந்த சேரியைப் பாருங்க. சேர்ந்து இருக்கற எடம் சேரி, அவ்ளோதான் அர்த்தம். சோழர் காலத்துல பிராமணங்க இருந்த ஊர்லயே பகுதி பகுதியா சேரின்னு பேரு வச்சிருக்காங்க. அதே வார்த்தை எங்க தலைமுறைக்கு வந்தப்ப ஊருக்கு வெளிய தள்ளி வச்ச எங்க எடத்துக்குப் பேரா ஆயிடுச்சு. அப்புறம் கவர்மெண்டு வீடு கட்டிக் குடுத்து காலனின்னு பேரு வச்சாங்க, கொஞ்ச நாள்ல காலனின்னாலும் அதே அர்த்தம்தான். சென்னையில காலனின்னா வசதியானவங்க இருக்கற எடம், அண்ணா நகர்ல சாந்தி காலனி இருக்கு, யாரும் மூஞ்சியை மாத்த மாட்டாங்க. எங்க ஊர்ல பஸ்ஸுல கண்டக்டர் "காலனி ஸ்டாப் யாருங்க"ன்னு கேட்டா எறங்கறதுக்கு எந்திரிக்கவே கூச்சமா இருக்கும், காலேஜ் படிக்கும்போது ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி வெயில்ல நடந்து வந்திருக்கேன். அப்ளிகேஷன்ல அட்ரஸ் எழுதுன உடனே எதிர்ல உக்காந்திருக்கறவர் பார்வை மாறறது எங்களுக்குப் பழக்கம். ஒரு வார்த்தைதான், ஆனா அதுல எல்லாம் தெரிஞ்சிடும்.

2025 ஏப்ரல்ல சட்டசபையில அரசு ஆவணங்கள்லேருந்து காலனிங்கற சொல்லை எடுக்கறோம்னு முதலமைச்சர் சொன்னாரு, அதே வருஷம் அக்டோபர்ல தெரு, ஊர், ரோடு பேருல இருக்கற ஜாதிப் பேரை மாத்தறதுக்கு அரசாணையும் வந்துச்சு. எம்.ஜி.ஆர் ஆட்சியிலயே தெருப் போர்டுலேருந்து ஜாதிப் பட்டத்தை எடுத்த கதை உண்டு. பழைய பேரை மாத்தினா சரித்திரம் போயிடும்னு சொல்றவங்க இருக்காங்க. நான் சொல்றது, ஏரிக்கரைத் தெருவை ஏரிக்கரைத் தெருவாவே விடுங்க, மேஸ்திரி வீதியை விடுங்க, அதெல்லாம் ஊரோட ஞாபகம். ஒருத்தரை அட்ரஸ்லயே அடையாளம் காட்டி ஒதுக்கறதுக்கு வச்ச பேரு எங்க முதுகுல ஒட்டுன சீட்டு, அதை எடுத்தா நாங்க எதையும் இழக்க மாட்டோம்.

பழைய_மாம்பலம்:

தம்பி, நீங்க எழுதுனதை ரெண்டு தரம் படிச்சேன். ஜார்ஜ் டவுன்ல தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருன்னு எங்க வாயில சகஜமா வந்துடும், அது கம்பெனி காலத்து வியாபாரிங்க பேருன்னு கதையா சொல்லிட்டுப் போயிடுவோம். தெருப் பேருல இருக்கற ஜாதிப் பட்டம் மேல இருக்கறவங்களுக்கு ஒரு மாதிரி, கீழ இருக்கறவங்களுக்கு வேற மாதிரின்னு நான் யோசிக்கல. போர்டுல தம்பு தெருன்னு இருந்தாலும் கதை ஒண்ணும் கெட்டுப் போகாது. நீங்க சொன்னது சரி.

நிழல்வாகை:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் கணக்கு வேற மாதிரி. நீங்கள் ரோடு, சாலை எண்டு சொல்லுறதுக்கு நாங்கள் வீதி எண்டுதான் எழுதுறது, கோயில் இருக்கோ இல்லையோ. காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி, ஆஸ்பத்திரி வீதி, நாவலர் வீதி எல்லாம் அப்பிடித்தான். ஊரின்ர பேர் வந்தா அந்த ஊருக்குப் போற வழி எண்டு அர்த்தம், யாழ்ப்பாணத்தில நிண்டு கண்டி வீதியைப் பார்த்தா கண்டி இருக்கிற திசை தெரியும். உங்கட மவுண்ட் ரோடும் பரங்கிமலைக்குப் போற ரோடு எண்டுதானே வந்தது.

சின்ன வழிக்கு நாங்கள் ஒழுங்கை எண்டு சொல்லுறது. அதிலயும் சின்னன், ரெண்டு பேர் எதிரெதிரா சைக்கிளில வந்தா ஒராள் இறங்க வேணும் எண்டா அது குச்சொழுங்கை. ரெண்டு பக்கமும் வேலி, கிடுகு இல்லாட்டி பூவரசு, கதியால். என்ர அம்மம்மா வீட்டு ஒழுங்கைக்கு போர்டே இல்லை, முகப்பில நிண்ட புளியமரத்தைச் சொல்லித்தான் ஆக்கள் வழி காட்டுறது. சண்டை நேரம் மரமும் போட்டுது, வேலியும் போட்டுது, இப்ப மதில் கட்டியாச்சு. ஆனா வெளிநாட்டில இருந்து வாற எங்கட சனம் இண்டைக்கும் ஓட்டோக்காரரிட்ட புளியடி ஒழுங்கை எண்டுதான் சொல்லுதுகள், அவரும் சரியாக் கொண்டுவந்து விடுறார்.

கொழும்பில இன்னொண்டு இருக்கு. நகைக்கடைகள் நிறைஞ்ச தெருவுக்கு இங்கிலீசில சீ ஸ்ட்ரீட், கடல் தெரு. தமிழ்ச் சனம் செட்டியார் தெரு எண்டுதான் சொல்லும். இங்கிலீஸ்காரன் பக்கத்தில இருந்த கடலைப் பார்த்தான், நாங்கள் உள்ளுக்க இருந்த ஆக்களைப் பார்த்தம்.

தறிச்சத்தம்:

வட சென்னைக்காரன் நான், ரெண்டே விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

திருவொத்தியூர் கிட்ட காலடிப்பேட்டைன்னு இருக்கு. எங்க பாட்டி சாமி காலடி பட்ட எடம்னு கும்பிடும். நெஜத்துல அது காலெட் பேட்டை, 1717-லேருந்து 1720 வரைக்கும் கவர்னரா இருந்த ஜோசப் காலெட் நெசவாளருங்களைக் குடி வச்ச ஊரு. இங்கிலீஷ்காரன் பேரு நம்ம வாயில விழுந்து காலடியா மாறிடுச்சு. அதே மாதிரி நெசவாளருங்களுக்காக 1734-ல உருவானது சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப்பேட்டைதான் அப்படி ஆச்சுன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. இப்ப அங்க தறி சத்தமே கெடையாது.

ஏழுகிணறுன்னு எங்க பக்கம் தெரு இருக்கே, அது சும்மா வச்ச பேரு இல்ல. ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணி குடுக்கறதுக்கு 1772-ல வெட்டுன கெணறுங்க. கடலுக்கு இவ்ளோ பக்கத்துல நல்ல தண்ணி கெடைச்ச எடம். ஊரு மொத்தமும் லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை போட்ட வருஷத்துல எங்கம்மா அந்த வரிசையில நின்னுக்கிட்டு இந்தத் தெருப் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதுச்சு, இந்தப் பேரை வச்சிக்கிட்டு நாம தண்ணிக்கு நிக்கறோமேன்னு.

வெளிவீதிக்காரன்:

தறிச்சத்தம் அண்ணே, வாயில விழுந்து மாறுறதுக்கு எங்ககிட்டயும் ஒண்ணு, நவபத்கானா தெரு. நாயக்கர் மகாலு பக்கம். பாரசீகத்துல நௌபத்கானான்னா முரசு கொட்டுற மண்டபம். வெளியூரு ஆளு வாயில நொழையாது, எங்க தெருப் புள்ளைக தூக்கத்துல கூட சரியாச் சொல்லும்.

நாலாவது_குறுக்கு:

பாண்டிச்சேரியையும் சேர்த்துக்கலாம், நேரு வீதிக்கு பிரெஞ்சுக்காரங்க காலத்துல அவங்க கவர்னர் டூப்ளே பேரு. டூப்ளேவுக்கு அங்க கடற்கரை ஓரம் செலை இன்னும் இருக்கு, வீதி மட்டும் நேருவுக்குப் போயிடுச்சு.

நிழல்வாகை, ஒழுங்கைங்கற வார்த்தை எவ்ளோ அழகா இருக்கு. எங்க ஊர்ல அதுக்கு முடுக்குன்னு சொல்லுவோம், அந்தப் பக்கம் வழி இல்லன்னா முட்டுச்சந்து. என் வேலையில வரைபடத்துல இதையெல்லாம் லேன்னு ஒரே வார்த்தையா போட்டுத் தள்ளியிருக்கேன், இப்ப நினைச்சா மனசுக்கு என்னவோ போல இருக்கு. முடுக்கு, சந்து, ஒழுங்கை மூணும் ஒண்ணு கெடையாது, நடந்து பாத்தவனுக்குத் தெரியும்.

சாரலின்_அம்மா:

இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு நாளா ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். தெக்காலத் தெரு எழுதினதை மொதல்ல விட்டுடலாம்னு நினைச்சேன், சின்னக் குழந்தையாச்சேன்னு. அப்புறம் எனக்கே அது தப்புன்னு பட்டுச்சு, அவளுக்குப் புரியற மாதிரி சொன்னேன். "அந்த அங்கிள் ஏன் வெயில்ல நடந்தாங்க"ன்னு ரெண்டு தரம் கேட்டா.

நாலாவது குறுக்கு சார், நீங்க சொன்னது சரி, எங்க அம்மா வீட்டுத் திண்ணையில உக்காந்தா கோபுரம் நேரா தெரியும். அம்மாகிட்ட போன்ல சொன்னேன், அறுவது வருஷமா இங்கதான் இருக்கேன், சன்னதிங்கறது அதனாலதான்னு இப்பதான் தோணுதுன்னாங்க.

சிறகு எங்க வீட்டுல ஒட்டிக்கிச்சு. நாங்க கிழக்குச் சிறகு, எதிர்ல ஐஸ்கிரீம் கடை மேற்குச் சிறகு. ரோடு கிராஸ் பண்ணும்போது கையைப் புடிச்சிக்கிட்டு "அந்தச் சிறகுக்குப் போலாமா"ன்னு கேக்கறா.

நேத்து ஞாயித்துக்கிழமை, லேக் வியூ ரோட்டுல நின்னு கிழக்குப் பக்கம் கை நீட்டி, அங்கேருந்து தொடங்கி தண்ணி இருந்துச்சுன்னு காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசாம பாத்துட்டு மீன் இருந்திருக்குமான்னா. இருந்திருக்கும்னேன். அப்புறம் அப்படியே ஆட்டோ புடிச்சு நுங்கம்பாக்கம் போனோம், பழைய மாம்பலம் ஐயா சொன்ன லேக் ஏரியாவைப் பாக்கறதுக்கு. உள்ள திரும்பின உடனே போர்டைப் பாத்துட்டா, லே...க் ஏ...ரி...யான்னு எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சிட்டு என் முகத்தைப் பாத்து, "இங்கயுமாம்மா?"ன்னா.